மாக்ரோ லென்ஸும் உப்புக் காற்றும்

கைக்கெட்டும் அண்மையிலுள்ள சிறு பொருளை, அதன் உருவம் திரியாமற் படம் பிடித்தற்கென்று அமைக்கப்பட்ட லென்ஸை மாக்ரோ லென்ஸ் என வழங்குவர். ஓர் எறும்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவே படச்சுருளிலும் விழுமாயின் அதனை ஒன்றுக்கு ஒன்று என்றும், பாதியளவு விழுமாயின் இரண்டில் ஒன்று என்றும் கூறுப. இக்காலத்துப் புதிய லென்ஸுகள் விலை மிக்கன. மாணாக்கர் கைக்கு எட்டுவன பெரும்பாலும் நாற்பது ஐம்பது ஆண்டுகட்கு முற்பட்ட பழைய லென்ஸுகளே. அவற்றைக் கையாளும் முறையையும், சிறப்பாக இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் கடற்கரையில் அவற்றைக் காக்கும் முறையையும் ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இதனோடு யாது தொடர்பு என வினவுவாரும் உளர். இவ்வகையிற் பெயர் பெற்றதொரு லென்ஸின் பிறப்பே அதற்கு விடையாகும். 1956-இல் ஜப்பான் நாட்டு நிக்கான் நிறுவனத்தார் மைக்ரோ-நிக்கார் என்னும் லென்ஸை வெளியிட்டனர். கோடுகள் செறிந்த அந்நாட்டு எழுத்துகளை நுண்படச் சுருளில் ஏற்றுங்கால், ஒரு கோடு மற்றொன்றோடு குழையாது தெளிவாக விழவேண்டும் என்பதே அதன் நோக்கம். பூவும் பூச்சியும் பின்னர் வந்தன, எழுத்தே முந்தியது. 1961 முதல் இக்குடும்பத்தில் 55 மில்லிமீட்டர் லென்ஸுகள் வரலாயின. யாம் கையாள்வதும் அவற்றுள் ஒன்றே.

நம் நாட்டிலும் எழுத்தைப் படம்பிடிக்கும் முயற்சி பழையது. சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஓலைச்சுவடியைப் படம்பிடிப்பார்க்கு இன்றும் அம்முறையே வழிகாட்டி. 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள படச்சட்டத்தில், இரண்டில் ஒன்று என்னும் அளவில், 72க்கு 48 மில்லிமீட்டர் பரப்பே அடங்கும். ஏட்டின் அகலம் அதனுட் கொள்ளும், நீளம் கொள்ளாது. ஆதலின் ஒவ்வொரு படமும் முன்னதன் ஓரத்தைச் சிறிது தழுவுமாறு பகுதி பகுதியாக எடுத்தல் வேண்டும். ஏடுகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடப்பெறாது என்பது நம் மாணவர் அறிந்ததே. அங்குக் காணும் சிறு குத்து, எழுத்தாணியின் தடமா, பூச்சி துளைத்த துளையா என்று ஐயுறும்போது இந்த லென்ஸின் பயன் நன்கு விளங்கும். விளக்கை நேர் மேலே வையாது, ஒரு பக்கத்தில் மிகத் தாழ்த்தி வைத்தால், எழுத்தாணி கீறிய பள்ளம் நிழல் பெற்றுத் தோன்றும். துளையின் நிழல் வேறாகத் தோன்றும்.

படக்கருவி ஏட்டிற்கு நேர் இணையாக நில்லாவிடின் வரியின் ஒருபுறம் தெளிந்து மறுபுறம் மங்கும். இதற்கு எளியதோர் உபாயம் உண்டு. ஏடு வைக்கும் இடத்தில் முதலிற் சிறு முகக்கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்துப் படக்கருவியின் வழியே நோக்குக. லென்ஸின் பிரதிபிம்பம் சட்டத்தின் நடுவே நின்றால் இரண்டும் இணை. விலகி நின்றால் முக்காலியைத் திருத்துக. மட்டப்பலகையினும் இதனையே யாம் நம்புவோம்.

அண்மைப் படத்திற்கு ஒளி மிகுதியாக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவிற்குச் செல்லுங்கால், லென்ஸ் முன்னோக்கி நீள்வதால், தகட்டிற்கு வரும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். வளையத்தில் எஃப் 8 என்றிருப்பினும் பயன் எஃப் 16 போன்றதே. தெளிவாக விழும் ஆழமும் அப்பொழுது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஒளித்துவாரத்தை மேலும் மேலும் சுருக்கினால் ஆழம் கூடும் என்று கருதி இறுதி எண்வரை செல்வாரும் உளர். அங்ஙனம் செய்யின் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மழுங்கும். எஃப் 8, எஃப் 11 என்னும் அளவோடு நிற்றல் நன்று. வெளியிடங்களில் வளையத்தைத் திருகிக்கொண்டிராமல், வேண்டிய அளவில் அதனை நிறுத்திவிட்டு, உடலையே சிறிது முன்னும் பின்னும் அசைத்துக் குவியம் காண்க.

எண்ணூர்க் கழியில் அலையாத்தி மரங்கள் உள்ளன. அவ்விலை தன்னுள் ஏறிய உப்பைத் தன் மேற்புறத்தே கக்கும் இயல்பினது. வெயிலேறிய பின் நோக்கினால் உப்புப் பளிங்குகள் இலைமேல் மின்னக் காணலாம். அழகிய காட்சியே! ஆயின் அத்தகைய உப்பே கடற்காற்றில் ஏறி வந்து நம் லென்ஸின் முகத்திலும் படிகின்றது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் பித்தளையையும் எஃகையும் அரிக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய கழியும் இதுவே. அங்குள்ள நண்டையும் சிறு சங்கையும் ஆண்டுதோறும் படம் பிடித்து வைப்பது வீண்வேலை அன்று என்பது எம் கருத்து. எனவே செல்லாதிருத்தல் வழியன்று. சென்று வந்தபின் செய்வதை அறிதலே வேண்டும்.

உப்பினும் கொடியது சாம்பல். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குதல் 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையால் நின்றது. இராயபுரத்தார்க்குக் கரித்தூள் குறைந்தது. எண்ணூர்ப் பக்கத்திலோ நிலக்கரியும் அனல்மின் சாம்பலும் இன்றும் உள. நிலக்கரிச் சாம்பலில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. அதிலுள்ள படிகத் துகள்கள் கண்ணாடியினும் கடியன. பழைய லென்ஸின் மேலுள்ள மெல்லிய பூச்சை அவை எளிதிற் கீறிவிடும். ஆதலின், வீடு வந்தவுடன் வேட்டித் தலைப்பால் துடைத்தல் லென்ஸைச் சாணைக்கல்லில் தீட்டுவதை ஒக்கும். முதலில் ரப்பர்க் குமிழால் காற்றூதுக. பின்னர் மெல்லிய தூரிகையால் தட்டுக. அதன் பின்னும் உப்புக் கறை இருப்பின், காய்ச்சி வடித்த நீரில் லென்ஸ் தாளைச் சிறிது நனைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒருமுறை ஒற்றி எடுக்க. திரவத்தைக் கண்ணாடிமேல் நேரே சொட்டலாகாது. விளிம்பு வழியே உள்ளிறங்கும்.

பூஞ்சணம் மற்றொரு பகை. சென்னையிற் காற்றின் ஈரம் 70 விழுக்காட்டளவில் நிற்பது இயல்பு. பழைய லென்ஸோடு வரும் தோற்பையைப் பலர் பெருமையாகப் போற்றுகின்றனர். அத்தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது. பூஞ்சணத்திற்கு அதனினும் இனிய வீடு இல்லை. பையைக் காட்சிக்கு வைத்து, லென்ஸை இறுக மூடும் பெட்டியில் வைக்க. உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஈரமானி ஒன்றும் இருத்தல் வேண்டும். ஈரம் 40 முதல் 50 விழுக்காடு வரை போதும். நீலநிற ஜெல் ஈரமேறினால் இளஞ்சிவப்பாகும். மெல்லிய சூட்டில் உலர்த்தினால் நீலம் மீளும். அந்நிறம் தரும் கோபால்ட் உப்பு நஞ்சாதலின், சமையற் பாத்திரத்தில் வறுக்காது தனிச் சட்டி கொள்க. பூச்சியுருண்டையும் கற்பூரமும் வைப்பது பெட்டிக்குப் பொருந்தும், லென்ஸுக்குப் பொருந்தாது. அவற்றின் ஆவி கண்ணாடியிற் படிந்து மங்கலாக்கும்.

வாங்குங்கால் கைவிளக்கின் ஒளியைப் பின்புறமிருந்து சாய்வாகச் செலுத்தி உள்ளே நோக்குக. சிலந்தி நூல் போன்ற கிளைகள் தோன்றின் அது பூஞ்சணம். நாட்பட்டதாயின் கண்ணாடியையே அரித்திருக்கும், துடைத்தாலும் வடு நீங்காது. துவாரத்தின் தகடுகள் சட்டென்று மூடித் திறவாவிடின் எண்ணெய் கசிந்துள்ளது. குவிய வளையம் இறுகியிருப்பின் உள்ளிருக்கும் பசை உலர்ந்துவிட்டது. இவ்விறுதிக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் தாமே கழற்றத் துணிதல் தகாது. அங்குள்ள திருகுமறைக்குப் பல வாய்கள் உண்டு. பிரிந்த இடத்தைக் குறியாது மாற்றிப் பூட்டினால் தொலைவிலுள்ள பொருள் என்றும் தெளியாது. கைதேர்ந்த தொழிலாளரிடம் கொடுத்து வாங்கி, துறைமுகத்துப் பாரந்தூக்கியை நோக்கித் தொலைக் குவியம் சரியாக நிற்கின்றதா எனச் சோதித்த பின்னரே கூலியைக் கொடுக்க.