புதிதாக விதைத்த வயலிற் பாசி

கமக்காரரே,

விதைத்து மூன்று கிழமையும் ஆகாத வயலிலே நீரின்மேற் பச்சைப் பாசி படர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கண்டவுடன் மருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. பாசி தோன்றும் காரணத்தை அறிந்தால், பெரும்பாலும் செலவின்றியே அதனை அடக்கலாம்.

பாசி தோன்றுவது ஏன்?

பாசிக்கு வேண்டியவை மூன்று: தேங்கிய நீர், வெயில், நீரிற் கரைந்த பசளை. இளம்பயிர் நிலத்தை மூடாமையால் வெயில் தடையின்றி நீரில் விழுகின்றது. பொசுபேற்றுப் பசளையும் நீரின்மேல் தூவப்பட்டிருப்பின் பாசி விரைந்து பெருகும். புதிதாக நீர் நிரப்பிய மீன்தொட்டி முதற் சில கிழமைகளிற் பாசி பிடிப்பதும் இக்காரணங்களினாலேயே. பயிர் மட்டம் வெடித்து நிழல் பரவியபின் பாசி தானாகவே குறையும்.

எல்லாப் பாசியும் பகையன்று

நீலப்பச்சைப் பாசிகளுட் சில, காற்றிலுள்ள நைதரசனைப் பற்றி வயலுக்குச் சேர்ப்பவை. பாசி மெல்லியதாயும், பயிர் நீருக்குமேல் நிமிர்ந்தும் இருப்பின் அப்படியே விட்டுவிடலாம். நூல்நூலாகத் திரண்டு பாய்போல் மிதக்கும் பாசியே தீங்கானது. காற்று அதனை ஒரு மூலைக்குத் தள்ளும்போது, அங்குள்ள இளம்பயிர் சாய்ந்து நீரில் அமிழும்.

மற்றொரு நட்டமும் உண்டு. பகலிற் பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை உயர்கின்றது. அந்நீரில் இட்ட யூரியாவின் ஒரு பகுதி அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். பணங்கொடுத்து வாங்கிய பசளை பயிருக்கு எட்டாது.

செய்ய வேண்டியவை

1. விதைக்குமுன் வயலை நன்றாக மட்டப்படுத்துக. பள்ளங்களில் தேங்கும் நீரிலேயே பாசி தொடங்கும்.

2. அடிக்கட்டாக இடும் பொசுபேற்றை நீரின்மேல் தூவாது, கடைசிச் சேற்றுழவின்போது மண்ணோடு கலந்துவிடுக.

3. பாசி திரளத் தொடங்கினால் நீரை வடித்து, சேற்றில் மயிரிழை வெடிப்புத் தோன்றும்வரை இரண்டு மூன்று நாட்கள் காயவிடுக. பெருவெடிப்பு விழ விடலாகாது.

4. யூரியா இடுவதற்கு முன்னரே நீரை வடித்தல் வேண்டும். இட்டபின் வடித்தாற் பசளையும் நீரோடு போகும். ஈரச் சேற்றில் யூரியாவை இட்டு, மறுநாள் நீர் பாய்ச்சுக.

5. மூலையில் ஒதுங்கிய பாசியைப் பயிர் பிடுங்குப்படாமல் வாரி, எருக்குவியலிற் சேர்க்குக.

எச்சரிக்கை

இரணைமடு போன்ற குளங்களின்கீழ் முறைவைத்து நீர் பெறுவோர், அடுத்த முறை எந்நாள் என்பதை உறுதியாக அறிந்தபின்னரே நீரை வடித்தல் வேண்டும். வடித்த வயலுக்கு நீர் வராவிடின், பாசியால் வரும் நட்டத்தினும் வரட்சியாலும் களையாலும் வரும் நட்டம் பெரிது. மழையை மட்டும் நம்பிய வயல்களில் நீரை வடியாது, பாசியை வாரி எடுத்தலே நன்று.

செப்புச் சல்பேற்று பாசியைக் கொல்லும், மீனையுங் கொல்லும். அதிலுள்ள செம்பு மண்ணிலே தங்கிவிடும். உங்கள் வயலின் கழிவுநீர் அயலவர் வயலுக்கும் குளத்துக்கும் செல்வது. ஆகவே விவசாயப் போதனாசிரியரைக் கேளாது அதனை இடவேண்டாம்.

முதல் மூன்று கிழமைகளும் நாள்தோறும் வரம்பிற் சென்று வயலைப் பாருங்கள். பாசி பாயாகத் திரளுமுன் நீரை வடிப்பது, திரண்டபின் மருந்திடுவதினும் மேலானது.