விர்ச்சுவல் மெஷினில் 'சேமி' பட்டன் எங்கே போச்சு?

போனில் எழுத்து சின்னதாகத் தெரிந்தால் செட்டிங்ஸில் போய்ப் பெரிதாக்கிவிடுவோம். அதே பழக்கத்தில் விர்ச்சுவல் மெஷினிலும் கைவைத்தால், சில நேரம் நிலைமை இன்னும் மோசமாகிவிடும். ஏன்னா அங்கே இருப்பது ஒரு திரை இல்லை, இரண்டு.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கம்ப்யூட்டர். விண்டோஸ் லேப்டாப்பில் 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஒரு ஜன்னலுக்குள் லினக்ஸை ஓட்டிப் பழகலாம். உள்ளே ஏதாவது கெட்டுப்போனாலும் வெளியே உள்ள விண்டோஸ் அப்படியே இருக்கும். மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதைப் புது லேப்டாப்பில் மறுபடியும் பழக நினைக்கும் திருத்தணிப் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

நிறுவியதும் திரை பெரும்பாலும் 800×600 அளவிலேயே நின்றுவிடும். விண்ணப்பம் ஒன்றைத் திறந்தால், கீழே இருக்கும் 'சேமி' பட்டன் திரைக்கு வெளியே போயிருக்கும். கடைசி நாள் சாயங்காலம் இப்படி ஆச்சுன்னா எவ்வளவு பதற்றம்! உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு வெளியே உள்ள ஜன்னலின் அளவு தெரியாது என்பதுதான் காரணம்.

உடனே பலரும் 'ஸ்கேல்டு மோடு' போடுகிறார்கள் (வலது கண்ட்ரோலும் 'சி' எழுத்தும்). படம் பெரிதாகும், ஆனால் இடம் கூடாது. 800×600 என்றால் 4,80,000 புள்ளிகள். 1366×768 திரையில் 10,49,088 புள்ளிகள். குறைவான புள்ளிகளை இழுத்து நிரப்பினால் எழுத்து மங்கும். ஆங்கிலத்தை எப்படியோ படித்துவிடலாம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போகும், தெலுங்கில் ஒத்துகள் குழம்பும். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் இங்கே பல வீடுகளில் இரண்டு மொழியிலும் காகிதங்கள் இருக்கும். பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கவனிக்காமல் சமர்ப்பித்தால், பிறகு திருத்தத்துக்கு அலைய வேண்டியதுதான்.

சரியான தீர்வு 'கெஸ்ட் அடிஷன்ஸ்'. மெஷின் ஓடும்போது மேலே 'டிவைசஸ்' மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' என்பதை அழுத்துங்கள். லினக்ஸுக்குள் ஒரு சிடி போலத் தெரியும். அதை இயக்கி, பாஸ்வேர்டு கொடுத்து, முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதியில் பிழை காட்டினால், பெரும்பாலும் ஜிசிசி, மேக், கெர்னல் ஹெட்டர்ஸ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம். அவற்றை நிறுவிவிட்டு மறுபடி இயக்குங்கள். அப்புறம் 'வியூ' மெனுவில் 'ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே' டிக் ஆகியிருக்கணும். இனி ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் லினக்ஸ் திரை அதற்கேற்ப மாறும், அவ்ளோதான்.

இப்போது எழுத்து பொடியாகத் தெரியுதா? திரை அளவைக் குறைக்காதீர்கள். லினக்ஸின் செட்டிங்ஸுக்குள் எழுத்தின் அளவை மட்டும் கூட்டுங்கள், போனில் செய்வது போலவே.

இதற்கெல்லாம் நேரமில்லை, பட்டன் மட்டும் உடனே வேண்டும் என்றால், டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் மறைந்திருக்கும் பட்டனுக்கும் போகலாம். ஆனால் எந்தப் பட்டன் என்று தெரியாமல் என்டர் தட்டாதீர்கள். ஆல்ட் விசையை (சில லினக்ஸில் விண்டோஸ் விசையை) அழுத்தியபடி மவுஸால் அந்தச் சாளரத்தை மேலே தள்ளிப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு.

பிறகும் திரை மாறவில்லையா? மெஷினின் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' பகுதியைப் பாருங்கள். வீடியோ மெமரி 128 எம்பி, கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸ் என்றால் 'விஎம்எஸ்விஜிஏ', விண்டோஸ் என்றால் 'விபாக்ஸ்எஸ்விஜிஏ'. இவற்றை மெஷினை முழுசாக அணைத்த பிறகே மாற்ற முடியும்.