முழங்கை எலும்பு முறிவும் அறுவை மருத்துவமும்

உழைத்து வாழும் குடும்பத்துக்குக் கையே முதல். பால்மரம் சீவுவதற்கும், செம்பனைக் குலையை வெட்டி இறக்குவதற்கும், உண்ணும் சோற்றை வாய்க்குக் கொண்டு செல்வதற்கும் முழங்கை மடங்கி நிமிர வேண்டும். அம்மூட்டு உடைந்து, கோணலாகக் கூடிவிட்டால், வாழ்நாள் முழுவதும் தொல்லைதான். எனவே, சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வாழும் நம் மக்கள் முழங்கை முறிவைப் பற்றிச் சில உண்மைகளை அறிந்திருத்தல் நலம்.

முழங்கையில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. மேலே இருப்பது மேற்கை எலும்பு. கீழே முன்கையின் இரண்டு எலும்புகள்: ஒன்று சுண்டுவிரல் பக்கம், மற்றொன்று பெருவிரல் பக்கம். மூட்டின் முன்புறமாகக் கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய் செல்கிறது. அதன் அருகிலும் உட்புறத்திலும் விரல்களை இயக்கும் நரம்புகள் செல்கின்றன. முழங்கை கதவில் இடிபட்டால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்று பாய்கிறதல்லவா? அது இந்நரம்புகளுள் ஒன்று அடிபடுவதன் விளைவே. இவை யாவும் எலும்பை ஒட்டியிருப்பதனால், முழங்கை முறிவை எலும்பின் சேதம் என்று மட்டும் கருதலாகாது.

முதலில் சிறுவர்களைப் பார்ப்போம். கொய்யா மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழும் பிள்ளை கையை நீட்டி ஊன்றிக்கொள்கிறது. அப்பொழுது மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே, அது மிக மெல்லியதாக உள்ள இடத்தில், முறிகிறது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இம்முறிவு அதிகம். கார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1959-இல் இதனை மூன்று நிலைகளாகப் பிரித்தார்: எலும்பு விலகாதது, ஓரளவு சாய்ந்தது, முற்றாக விலகியது. இன்றும் மருத்துவர்கள் இவ்வகுப்பையே அடிப்படையாகக் கொள்கின்றனர்.

எலும்பு விலகாவிட்டால் அறுவை தேவையில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டு இட்டாலே போதும். முற்றாக விலகியிருந்தால், பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, ஊடுகதிர்த் திரையில் எலும்பைப் பார்த்தவாறே மருத்துவர் அதனை இழுத்து நேராக்குவார். பின்னர் தோலின் வழியாக மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டையோ மூன்றையோ செலுத்தி எலும்பை நிறுத்துவார். பெரும்பாலும் தோலைக் கீறித் திறக்க வேண்டியதில்லை. ஜெர்மானிய மருத்துவர் கிர்ஷ்னர் 1909-இல் அறிமுகப்படுத்தியதால் இவை கிர்ஷ்னர் கம்பிகள் எனப்படுகின்றன. மூன்று, நான்கு வாரங்களில் எலும்பு கூடியதும் கம்பிகளை வெளியே இழுத்துவிடுவர். இரத்தக்குழாய் நசுங்கியிருந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்திருந்தாலோ திறந்து செய்யும் அறுவை உடனே தேவைப்படலாம்.

இங்கே ஒரு பேராபத்தைப் பெற்றோர் உணர வேண்டும். பிள்ளை விழுந்தவுடன் எண்ணெய் தடவி உருவி, மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. முறிந்த இடம் விநாடிக்கு விநாடி வீங்கும். கட்டு வீங்க இடங்கொடாது. உள்ளே அழுத்தம் பெருகி, தசைகளுக்கு இரத்தம் செல்லாமல் போகும். சுமார் ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தால் தசைகள் மடியத் தொடங்கும். பின்னர் அவை சுருங்கி, விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்து நின்றுவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் இறுக்கமான கட்டினால் நேரும் இக்கேட்டினை 1881-லேயே எடுத்துரைத்தார். பிற்காலத்தில் எத்தனை அறுவைகள் செய்தாலும் அந்தக் கை பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவது அரிது. மருத்துவமனையில் இட்ட மாவுக்கட்டும் வீக்கத்தால் இறுகக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

பெரியவர்களின் முறிவு வேறு வகையானது. வழுக்கி விழுந்து முழங்கை நுனி தரையில் மோதினால், அந்நுனி எலும்பு உடையும். கையை நிமிர்த்தும் தசை அதிலேதான் பற்றியிருக்கிறது. அத்தசை உடைந்த துண்டை மேலே இழுத்துக்கொள்வதால், கையைத் தானாக நிமிர்த்த இயலாமல் போகிறது. இதற்கு இரண்டு கம்பிகளைச் செலுத்தி, அவற்றைச் சுற்றி எட்டு என்ற எண்ணின் வடிவில் உலோக இழையை முறுக்கிக் கட்டுவர். கை மடங்கும்போது பிரிக்க முனையும் அதே விசை, இவ்விழையினால் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கும் விசையாக மாறுகிறது. எலும்பு பல துண்டுகளாகச் சிதறியிருந்தால் தகடும் திருகாணிகளும் பொருத்துவர்.

பெருவிரல் பக்க எலும்பின் தலை சிறிதளவு மட்டும் உடைந்தால் தூளிக் கட்டும் பயிற்சியும் போதும். நொறுங்கியிருந்தால் உலோகத் தலை பொருத்தப்படலாம். மேற்கை எலும்பின் அடிப்பகுதி மூட்டுக்குள்ளேயே பிளந்தால் பெரும்பாலும் இருபுறமும் தகடு வைத்து இணைப்பர். எலும்பு மெலிந்த முதியவர்களுக்குச் சில வேளைகளில் செயற்கை மூட்டு பொருத்துவதுண்டு. அவர்கள் அதன்பின் பளுத் தூக்கலாகாது.

அறுவை முடிந்ததும் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. முழங்கை விரைவில் விறைத்துப்போகும் மூட்டு. பெரியவர்கள் நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தால் அது மடங்காது. எனவே, மருத்துவர் சொன்ன நாளிலிருந்து இயன்முறைப் பயிற்சியாளர் காட்டியவாறு தாமே மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பிறரைக் கொண்டு வலிந்து உருவச் செய்தல் கூடாது. அதனால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம்.

விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

1. கையை இழுத்து நேராக்க முயலாமல், இருக்கும் நிலையிலேயே துணியினால் தளர்வாகத் தாங்கச் செய்க.

2. மோதிரம், வளையல், கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிடுக. காயமிருந்தால் தூய துணியால் மூடுக.

3. அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படலாமாதலால், மருத்துவர் பார்க்கும்வரை உணவோ பானமோ கொடாதீர்.

4. உடனே சுங்கை சிப்புட் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்க; வண்டி இல்லையேல் 999-ஐ அழைக்கலாம். சிறப்பு மருத்துவம் தேவையெனில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர்.

5. கட்டுப்போட்ட பின்னரும் விரல்களைக் கவனிக்க. அவை வெளிறினாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது பிள்ளை வலி தாங்காமல் அலறினாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குத் திரும்புக.

வேலையிடத்திலோ, வேலைக்குப் போகும் வழியிலோ விபத்து நேர்ந்தால், 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நிர்வாகத்திடம் உடனே தெரிவித்து, மருத்துவச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துதல் அவசியம்.

அறுவை என்றதும் அஞ்சி, “கை போய்விடும்” என்று பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்வோர் உண்டு. தொற்று, நரம்புப் பாதிப்பு போன்ற இடர்கள் அறுவையில் இருக்கவே செய்கின்றன. அவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது பெற்றோரின் உரிமை. ஆனால் விலகிய எலும்பையும் நசுங்கிய இரத்தக்குழாயையும் எண்ணெயும் பத்தையும் சீராக்கமாட்டா. நாளை எழுதுகோல் பிடிக்க வேண்டிய கை அது. விழுந்த அந்த முதல் சில மணி நேரத்தில் நாம் எடுக்கும் முடிவே அதனைக் காக்கும்.