நாலு ஸ்டேஷன் தள்ளி ஒரு காடு

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்குப் போனால் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஒரு பக்கம் பூசணிக்காய்க் குவியல். இன்னொரு பக்கம் மக்கின்டோஷ், கோர்ட்லாண்ட் என்று அட்டை குத்திய ஆப்பிள் கூடைகள். 1933இல் பழைய லக்ரோஸ் மைதானம் ஒன்றில் தொடங்கிய சந்தை இது. பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழர்கள் பலர் கத்தரிக்காய்க்கும் மிளகாய்க்கும் கைவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வந்துவிடுவார்கள்.

போன வருடம் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் மூன்று மாணவர்கள் ஒரே ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். ஊரிலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து கேட்டார்: “என்ன தம்பிமார், எங்கை வெளிக்கிட்டிட்டியள்?”

“ட்ரம்பிளானுக்கு அங்கிள். மேப்பிள் மரத்துக்குக் கீழ நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மா ஒரே கரைச்சல்.”

“மேப்பிளோ? அப்ப உங்கட வீட்டு வாசல்ல நிக்கிறது என்ன, முருங்கையோ?”

பெரியவர் சொன்னது சரி. மொன்றியல் தெருக்களில் நிழலுக்கு நட்ட மரங்களில் மேப்பிளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த மூவரும் ஒரு வார மளிகைக் காசைக் கட்டி ஏற்கெனவே பஸ் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். வருடா வருடம் இதுதான் நடக்கிறது. முதல் இலையுதிர்காலத்தில் எங்கே நடப்பது என்பதை இன்ஸ்டகிராம் பாதி முடிவு செய்கிறது, மீதியை ஊரில் இருக்கும் அம்மாவின் வாட்ஸ்அப் குழு முடிவு செய்கிறது. நடக்கப் போகிறவரின் காலையும் சப்பாத்தையும் யாரும் கேட்பதில்லை.

நகரத்துக்குள்ளேயே இருக்கும் மவுண்ட் ரோயல் மலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எப்படியும் எல்லோரும் போவார்கள், போகவும் வேண்டும். 1876இல் திறந்த பூங்கா அது. வடிவமைத்தவர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். அவர் பெயரில் இருக்கும் பாதை குதிரை வண்டி ஏறுவதற்காக வளைத்து வளைத்துப் போட்டது. அதனால்தான் சரிவு காலுக்கே தெரியாது. ஃபோன் காட்டும் குறுக்கு வழியை நம்பிப் பீல் தெருப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறுகிறவர்கள் மேலே போய் வியூவைப் பார்ப்பதற்குப் பதில் மூச்சைத் தேடுவார்கள். பார்க் மெட்ரோவில் 80ஆம் பஸ் பிடித்து கார்த்தியே சிலையடியில் இறங்கி, ஓம்ஸ்டெட் பாதையில் பேசிக்கொண்டே போனால் போதும். உச்சியின் உயரம் 233 மீட்டர். நகரத்தில் எந்தக் கட்டடமும் அதைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், மூட்டு வலியும் இருந்தால், தாவரவியல் பூங்கா. 1931இல் மரி-விக்டோரன் என்ற துறவி முன்னின்று தொடங்கியது. டிக்கெட் உண்டு. ஆனால் உட்கார இடமும் கழிப்பறையும் தேடி அலைய வேண்டாம்.

இனி ட்ரம்பிளான். இந்த விஷயத்தில் இதை எழுதுபவருக்கு நடுநிலை கிடையாது. முன்னமே சொல்லிவிடுவது நல்லது.

முதல் குழப்பம் பெயரில். மோன்-ட்ரம்பிளான் என்றால் இரண்டு இடம். ஒன்று மலையடிவாரத்தில் இருக்கும் உல்லாசக் கிராமம்: வண்ண வண்ணக் கூரைகள், மிட்டாய்க் கடைகள், உச்சிக்குப் போகும் கேபிள் கார். மற்றது 1895இல் அறிவிக்கப்பட்ட, 1,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த, கியூபெக்கின் முதல் பூங்கா. ஏரி, ஆறு, அருவி, ஓநாய் எல்லாம் இங்கேதான். கிராமத்திலிருந்து இதன் தியாப்ல் பகுதி வாசலுக்குக் காரில் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒருநாள் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் கிராமத்தோடு நின்றுவிடும். காட்டுக்குப் போய் வந்ததாக நினைத்துக்கொண்டு திரும்பும் மாணவர்களில் பலர் உண்மையில் போய் வந்தது ஒரு கடைத்தெருவுக்கு.

இரண்டாவது, தூரம். ஒரு வழி 130 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். நிறம் உச்சத்தில் இருக்கும் வார இறுதியில் 15ஆம் நெடுஞ்சாலையில் மொத்த மொன்றியலும் வடக்கே முகம் திருப்பி நிற்கும். சில வருடங்களுக்கு முன் இதை எழுதுபவரும் அப்படி ஒரு பஸ்ஸில் போனவர்தான். போக மூன்று மணி நேரம், கேபிள் கார் வரிசையில் ஒரு மணி நேரம், மேலே ஏறியதும் மேகம். எதிரே நின்றவரின் மஞ்சள் மழைக்கோட்டைத் தவிர வேறு நிறம் எதுவும் தெரியவில்லை. மரத்தடியில் நடந்தது மொத்தம் இருபது நிமிடம். அதிலும் பாதி கழிப்பறையைத் தேடி.

மூன்றாவதுதான் முக்கியம், அதை யாரும் சொல்வதில்லை. பகல் சுருங்கி இரவு குளிரத் தொடங்கும்போது இலையில் பச்சையம் சிதைகிறது. அடியில் கிடந்த மஞ்சள் வெளியே வருகிறது. மேப்பிள் மாதிரியான மரங்கள் அதற்கு மேல் புதிதாகச் சிவப்பையும் உண்டாக்குகின்றன. குளிர் எங்கே முந்துகிறதோ அங்கே நிறமும் முந்தும். அதனால் வடக்கிலும் உயரத்திலும் முதலில், தெற்கிலும் பள்ளத்திலும் பிறகு. ட்ரம்பிளான் மலைகளில் செப்டம்பர் கடைசியில் உச்சத்துக்கு வரும் நிறம், மொன்றியல் தீவுக்குள் இறங்கி வர அக்டோபர் நடுப்பகுதி ஆகிவிடும். மாணவர்களுக்கு வசதியான நீண்ட விடுமுறை, அக்டோபர் இரண்டாவது திங்களில் வரும் நன்றி தெரிவித்தல் நாள். அன்றைக்கு வடக்கே போனால் பல வருடங்களில் பாதி மரம் மொட்டை. அதே நேரம் அவர்கள் விட்டுவிட்டுப் போன தெருவில் மரங்கள் அப்போதுதான் பற்றத் தொடங்கியிருக்கும்.

போகவே கூடாது என்பதல்ல. கார் வைத்திருக்கும் நண்பர், வேலை நாள் ஒன்று, முன்கூட்டியே வாங்கிய பூங்கா நுழைவுச் சீட்டு, இரவு தங்கக் கூடாரம் எல்லாம் கூடிவந்தால் ட்ரம்பிளான் பூங்காவுக்கு நிகரில்லை. அது இரண்டாம் வருடத்துக்கான இடம்.

மலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மோன்-சான்-இலேர் இருக்கிறது. நகரத்துக்குக் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹாமில்டன் கோல்ட் என்ற இராணுவ அதிகாரி 1913இல் அந்த மலையையே விலைக்கு வாங்கினார். 1958இல் அவர் இறந்தபோது அது மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1978இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கனடாவில் அந்தப் பெயரை முதலில் வாங்கிய இடம் அதுதான். இங்கேயும் எல்லோரும் சர்க்கரைக் கட்டி என்று பொருள்படும் ‘பான் த சூக்ர்’ பாறை உச்சிக்கே ஓடுகிறார்கள், படத்துக்காக. செருப்புக்கும் கான்வாஸ் சப்பாத்துக்கும் உகந்த பாதை இல்லை அது. நடுவில் கிடக்கும் எர்டெல் ஏரிவரை போவது சுலபம், அழகிலும் குறைச்சல் இல்லை. நுழைவுச் சீட்டை இணையத்தில் முதலே எடுத்துவிட வேண்டும்.

ஆனால் இதை எழுதுபவரின் மனம் கிடப்பது ஜான்-டலோன் மெட்ரோவிலிருந்து நாலு ஸ்டேஷன் தள்ளி. ஆரஞ்சு லைனில் ஜாரி, கிரெமாசி, சோவே, அடுத்தது ஆன்றி-பூராசா. இறங்கிக் கொஞ்ச தூரம் வடகிழக்கே நடந்தால் பிரேரி ஆற்றங்கரையில் விசிட்டாசியோன் தீவு இயற்கைப் பூங்கா. சந்தையில் வாங்கிய ஆப்பிள் பையில் இருக்கும்போதே காட்டுக்குள் நுழைந்துவிடலாம்.

‘காடு’ என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். முப்பது ஹெக்டேர் சொச்சம். சமதரைப் பாதை, தள்ளுவண்டிக் குழந்தையும் வரலாம், தாத்தாவும் வரலாம். ஆனால் அங்கே காலடியில் முந்நூறு வருடம் கிடக்கிறது. சுல்பீசியன் பாதிரிமார் 1726இல் கரைக்கும் தீவுக்கும் நடுவே அணை போட்டு, ஆற்றின் விசையில் ஆலைகளை ஓட்டினார்கள். அந்த ஆலைச் சுவர்களின் மிச்சத்தை ஒட்டியே இன்றைக்கும் பாதை போகிறது. அருகே மில்காரர் வீடு. கொஞ்சம் தள்ளி ‘பிரெசுவார்’ வீடு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிளைப் பிழிந்து சைடர் எடுத்த இடம். பக்கத்துத் தேவாலயம் 1750 வாக்கில் கட்டியது. மொன்றியல் தீவில் இன்றும் நிற்கும் தேவாலயங்களில் அதற்கு மூத்தது இல்லை. ஆற்றின் ஓரத்தில் பெரிய நீல நாரை ஒன்று, ஒரு காலை மடக்கிக்கொண்டு, யாருடைய விடுமுறையும் தன்னைச் சேர்ந்ததில்லை என்பதுபோல் நிற்கும்.

அதே ஆற்றை ஒட்டி மேற்கே போனால் சரகே. மொன்றியல் பணக்காரர்கள் ஒரு காலத்தில் கோடைக்கும் குதிரையேறி வேட்டையாடவும் வந்த ஊர். மோல்சன் என்ற பெயரைப் பீர் போத்தலில்தான் மாணவர்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்து மேரி டொரதி மோல்சனுக்காக 1930இல் கட்டிய மாளிகை அங்கே மரங்களுக்கு நடுவே நிற்கிறது. வெளியே நின்று பார்க்கலாம். மாளிகைக்குப் பின்னால் இருக்கும் காடு மொன்றியல் தீவில் நன்றாகத் தப்பிப் பிழைத்த பழங்காடுகளில் ஒன்று. 1970களின் கடைசியில் வீடு கட்டி விற்பவர்கள் கைக்குப் போக இருந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1981இல் கியூபெக் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. பணக்காரர் வேலி போட்டதால் தப்பிய மரம், பிறகு ஊரார் வேலியானதால் தப்பியது. கடைகூட இல்லை, தண்ணீர் கொண்டு போக வேண்டும்.

டொலார்-தே-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்கலாம். அங்கிருந்து சிறிது நேரக் கார் ஓட்டத்தில் புவா-த-லியெஸ் காடு. அதிலும் பிட்ஃபீல்ட் குடும்பத்துப் பழைய வீடு ஒன்று உண்டு. அன்னதானம் முடிந்த கையோடு காரில் தூங்கிக்கொண்டு வீடு திரும்புவதை விட அங்குள்ள ஓடைக்கரையில் அரை மணி நேரம் நடப்பது உடம்புக்கும் நல்லது, முருகனும் கோபிக்க மாட்டார்.

இவ்வளவு எழுதியும் கேள்வி வரும்: “எது பெஸ்ட்?” அந்தக் கேள்விதான் தொல்லை. இதே பிள்ளைகள் படிப்பையும் இப்படித்தான் எடுத்தார்கள். எல்லோரும் டேட்டா சயன்ஸ் என்றார்கள், மாமாவின் மகன் அதைப் படித்து ரொறன்ரோவில் வீடு வாங்கினான், இவர்களும் சேர்ந்தார்கள். தங்களுக்குப் பிடித்தது மண்ணும் பாறையுமா, கணக்கா, மொழியா என்று யாரும் கேட்கவில்லை, இவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவருக்கு ஏறினால்தான் நடந்த மாதிரி இருக்கும். ஒருவருக்குத் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவர் கல்வெட்டைக் கண்டால் நகரமாட்டார். தான் எந்த ரகம் என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடாது. நாலு தடவை சும்மா நடந்து, இரண்டு தடவை சலித்து, ஒரு தடவை வழி தவறினால் தெரியும். மெட்ரோவில் போகக்கூடிய காடென்றால் அந்த நாலு தடவைக்கும் வசதி. வருடத்துக்கு ஒருமுறை பஸ் கட்டிப் போகும் மலையில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை, நாலு மணிக்கே பஸ் ஹோர்ன் அடிக்கும்.

போகுமுன் சில காரியம். உயரப் புல்லுக்குள் இறங்க வேண்டாம். உண்ணி இருக்கிறது, அதன் கடியில் லைம் நோய் வரலாம். நீளக் காலுறை போட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மூன்றாக மினுமினுக்கும் இலை கொண்ட செடியைத் தொடக் கூடாது, தோல் அரிப்பு வாரக்கணக்கில் நிற்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் பின்னால் போகும். அதன் பிறகு நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்படுகிறவர் இருட்டில்தான் திரும்புவார்.

சந்தையில் நின்ற மூவரில் ஒருவர் ட்ரம்பிளானிலிருந்து நனைந்த சப்பாத்தோடு திரும்பி, அடுத்த வாரம் ஆன்றி-பூராசாவில் இறங்கியிருக்கிறார். அதற்கடுத்த வாரமும். ஆலைச் சுவருக்குப் பக்கத்து மேப்பிள் ஒன்றை ஒவ்வொரு ஞாயிறும் படமெடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாராம். பச்சையில் கொஞ்சம் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு இரத்தச் சிவப்பு. நவம்பரில் அனுப்பிய ஐந்தாவது படத்தைப் பார்த்து அம்மா உடனே போன் எடுத்துவிட்டார்.

“இதென்னடா, பட்டுப்போன மரத்தைப் போய்ப் படமெடுத்திருக்கிறாய்?”

“இல்லையம்மா. அதே மரந்தான்.”