கமாமோட்டோவின் நாற்பத்தைந்து டிகிரி

ஜப்பானியர்களின் உள்ளம் கவர்ந்த ஆட்டம் பேஸ்பால். அப்படிப்பட்ட நாட்டில் 1960-களின் இறுதியில் ஒரு கால்பந்து வீரரின் பெயர் எங்கும் பேசப்பட்டது. அவர்தான் குனிஷிகே கமாமோட்டோ. 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 7 கோல்கள் போட்டு, கோல் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் மெக்சிகோவை அதன் சொந்த மண்ணிலேயே 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களும் இவர் போட்டவையே.

கோலுக்கு வலப்புறம், 45 டிகிரி சாய்விலிருந்து இவர் உதைக்கும் பந்து ஜப்பானில் பெரும் புகழ் பெற்றது. ரசிகர்கள் அதைக் காணவே காத்திருப்பார்களாம். அதில் என்ன அதிசயம்? வரைந்து பார்த்தால் விளங்கிவிடும்.

ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர், எனவே 3.66 செ.மீ. நீளத்தில் ஒரு கோடு போடுங்கள். அதன் இரு முனைகளும் கோல் கம்பங்கள். கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக 10 செ.மீ. தள்ளி 'அ' என்ற புள்ளியைக் குறியுங்கள். அதே நடுப்புள்ளியிலிருந்து, 45 டிகிரி சாய்வில் 10 செ.மீ. தள்ளி 'ஆ'வைக் குறியுங்கள். இரண்டுமே கோலிலிருந்து 20 மீட்டர் தொலைவுதான். இனி ஒவ்வொரு புள்ளியையும் இரு கம்பங்களோடு இணைத்து, இடைப்பட்ட கோணத்தை அளந்து பாருங்கள். 'அ'வில் ஏறத்தாழ 21 டிகிரி வரும். 'ஆ'வில் 15 டிகிரிதான்!

அதாவது, பக்கவாட்டில் நிற்பவருக்குக் கோல் குறுகிவிடுகிறது. கோல் காப்பாளர் அருகிலுள்ள கம்பத்தை ஒட்டி முன்னே வந்தால் இன்னும் குறுகும். ஆனால் அப்படி வரும்போது தூரத்துக் கம்பத்தின் பக்கம் சற்றே திறந்துகொள்ளும் அல்லவா? வலக்காலால் அங்கே பந்தை அனுப்ப வேண்டும். குறி சிறிது பிசகினாலும் பந்து வெளியே போய்விடும். கமாமோட்டோ இந்த ஓர் இடத்திலிருந்து ஓயாமல் உதைத்துப் பழகியவர். பழகிய இடம் என்றால், கோல் எங்கே என்று தலை நிமிர்ந்து தேட வேண்டியதில்லை. அந்த நொடி மிச்சமாவது பெரிய லாபம்.

புகழின் உச்சியில், 1969-இல், வைரஸ் கிருமியால் வரும் கல்லீரல் அழற்சி அவரைப் படுக்கையில் தள்ளியது. அவ்வாண்டு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் அவர் இல்லை. ஜப்பான் தகுதி பெறவுமில்லை. கால்பந்து மீதிருந்த மோகமும் 1970-களில் தணிந்தது. ஒரே வீரரை நம்பி வந்த கூட்டம் வேறெப்படி இருக்கும்? அவரோ குணமாகித் திரும்பி, யான்மார் அணிக்காகத் தேசிய லீகில் 251 ஆட்டங்களில் 202 கோல்கள் போட்டார். 1984-இல் டோக்கியோவில் நடந்த அவரது பிரிவு ஆட்டத்தில் பிரேசிலின் பெலேயும் ஜெர்மனியின் ஓவராத்தும் வந்து ஆடினார்கள்.

பின்னர் 1991 முதல் 1994 வரை காம்பா ஒசாகா அணியின் பயிற்சியாளராக இருந்தார். ஆட்டக்காரராகப் பெற்ற பெயர் அதில் கிட்டவில்லை. 2025 ஆகஸ்டில், தமது 81-ஆம் வயதில் காலமானார். ஜப்பான் ஆண்கள் அணிக்காக 76 ஆட்டங்களில் அவர் போட்ட 75 கோல்களை, அவர் மறைந்த நாள்வரை வேறு எவரும் எட்டவில்லை.