தினமும் 100 கிலோமீட்டர்: தூத்துக்குடி – நெல்லை ஓட்டத்துக்கு டர்போ செடான் வாங்கலாமா?

தூத்துக்குடியில் வீடு, திருநெல்வேலியில் வேலை. இல்லைன்னா நெல்லையில் வீடு, துறைமுகத்துப் பக்கம் வேலை. இப்படி தினமும் போய்வருகிற பலர் கேட்கிற கேள்வி இதுதான்: "சம்பளம் கைக்கு 1.2 லட்சம் வருது சார். நல்ல பவரான, உட்கார்ந்தா முதுகு வலிக்காத ஒரு செடான் எடுக்கலாமா?"

ஆசையில் தப்பே இல்லை. மாதம் 50 மணி நேரம் அந்த சீட்டில்தான் உட்காரப் போறீங்க. ஆனா ஷோரூமில் உங்களுக்குக் காட்டுவது இஎம்ஐ மட்டும்தான். நாம மாதச் செலவு முழுவதையும் பார்ப்போம்.

எக்ஸ்-ஷோரூம் 18 லட்சம் என்று ஒரு வண்டியை வச்சுக்கலாம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்த அளவு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்பு செஸ்ஸோடு சேர்த்து 45 இருந்தது. அது அந்த 18 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். அதுக்கு மேல் தமிழ்நாட்டு சாலை வரி இருக்கே, அதுதான் பெரிய அடி. 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதாவது 3.24 லட்சம். இன்சூரன்ஸ் 70,000, டிசிஎஸ் 18,000 சேர்த்தால் ஆன்ரோடு 22 லட்சத்தைத் தாண்டுது. (டிசிஎஸ் உங்க பணம்தான். ரிட்டர்ன் போடும்போது மறக்காம எடுத்துக்கோங்க.)

இன்னொன்று. 20 லட்சத்தைத் தாண்டினால் சாலை வரி 20 சதவீதம். 19.90 லட்சம் வேரியன்ட்டுக்கு வரி 3,58,200. சன்ரூஃப் ஆசையில் 20.10 லட்சம் வேரியன்ட்டுக்குப் போனால் 4,02,000. விலை வித்தியாசம் 20,000, வரி வித்தியாசம் 43,800!

5 லட்சம் சொச்சம் கையிலிருந்து போட்டு, 17 லட்சம் கடன், 9 சதவீதம், 5 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 35,300. மாதம் 2,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிடைக்குது, பெட்ரோல் 101 ரூபாய் என்று போட்டால் 15,800. இன்சூரன்ஸை மாதத்துக்குப் பிரித்தால் 3,750. சர்வீஸ், டயர் 3,500. டோலுக்கு 750. மொத்தம் 59,000 ரூபாய். 1.2 லட்சத்தில் பாதி!

டோல் கணக்கை விளக்கிடறேன். 2025 ஆகஸ்ட்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருஷ பாஸ் 200 முறைக்குத்தான் செல்லும். தினமும் இரண்டு முறை வாகைக்குளம் டோலைக் கடக்கிற உங்களுக்கு அது 100 வேலை நாளில் தீர்ந்துடும். வருஷத்துக்கு மூணு பாஸ் வேணும். வீடு டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்தால் உள்ளூர்வாசிகளுக்கான மாத பாஸ் இதைவிட மலிவு. முதலில் அதை விசாரிங்க.

7 வருஷக் கடன் போட்டால் இஎம்ஐ 27,350-க்கு இறங்கும், உண்மைதான். ஆனா வட்டி மட்டும் 1.8 லட்சம் கூடுது. 7 வருஷத்தில் வண்டி 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அப்போ அதை யார் என்ன விலைக்கு வாங்குவார்?

சரி, பவர். வெர்னா டர்போ 160 பிஎஸ். விர்டஸ், ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ 150 பிஎஸ். ஓட்ட அருமையான வண்டிகள், மறுக்கவே மாட்டேன். ஆனா நாலுவழிச் சாலையில் கார்களுக்கு உச்ச வேகமே 100. 50 கிலோமீட்டரை 80-ல் போனால் 37 நிமிஷம், 100-ல் போனால் 30. அந்த 100-ஐ 115 பிஎஸ் உள்ள 1.0 டர்போவும் அலுங்காம தொடும். கன்டெய்னர் லாரியையும் நிலக்கரி லாரியையும் தாண்ட வேண்டிய இழுவையும் அதில் இருக்கு. மிச்ச 35 பிஎஸ் உங்க சந்தோஷத்துக்கு. அதுக்கு விலை, வரி சேர்த்து 4 லட்சத்துக்கு மேல் வருது.

சிட்டி ஹைப்ரிட் விலை அதிகம், டிக்கியும் சின்னது. ஆனா நிஜத்தில் லிட்டருக்கு 22 கிடைத்தாலும் வருஷத்துக்கு 50,000 ரூபாய் பெட்ரோல் மிச்சம். இவ்வளவு ஓட்டுறவங்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு எடுபடும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் தெருவில் முடிச்சுடாதீங்க. மத்தியான வெயிலில், பின்சீட்டில் ஆள் உட்காரவைத்து, வல்லநாடு பாலம் வரை கேளுங்க. பலமுறை சேதமாகி ஒட்டுப்போட்ட பாலம் அது. சஸ்பென்ஷன் எப்படின்னு சேல்ஸ்மேனைவிட அது நல்லா சொல்லும்.

என் வரம்பு: இவ்வளவு தூரம் ஓட்டுறவருக்கு காரின் மொத்த மாதச் செலவு கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 59,000-க்கு 1.77 லட்சம் சம்பளம் வேணும். 1.2 லட்சம் வாங்குறவருக்கு வரம்பு 40,000. அதில் புது 1.0 டர்போகூட அடங்காது. அது 47,000 ஆகுது. 2–3 வருஷம் ஓடிய, கிலோமீட்டர் குறைவான அதே வண்டி 10 லட்சத்துக்குக் கிடைத்து, 6 லட்சம் கடன் 12 சதவீதத்துக்கு வாங்கினால் எல்லாம் சேர்த்து 36,000. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் ஆயுள் வரியும் முதல் ஓனர் கட்டியாச்சு.

"பிசினஸ் பேரில் எடுத்தா வரி மிச்சம்தானே?" கஸ்டம்ஸ் ஏஜென்ட், ஷிப்பிங் நண்பர்கள் கேட்பது இது. தேய்மானம் 15 சதவீதம். 21.24 லட்சத்துக்கு முதல் வருஷம் 3.18 லட்சம் கழிவு. 30 சதவீத வரி கட்டுறவருக்கு ஒரு லட்சம் மிச்சம். வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டினால் அதிலும் பாதிதான். சொந்த உபயோகப் பங்கைக் கழிக்கணும். ஜிஎஸ்டி கிரெடிட் கிடையாது. உத்தேச வருமான முறையில் கணக்கு காட்டுறவங்களுக்குத் தேய்மானமே தனியாகக் கிடையாது. சம்பளக்காரர் சொந்தக் காசில் வாங்கினால் ஒண்ணுமே இல்லை.

கையெழுத்துப் போடும் முன் வாரன்டியில் கிலோமீட்டர் வரம்பைப் படிங்க. 1 லட்சம் கிலோமீட்டர் என்று இருந்தால், தாளில் நாலு வருஷம் போட்டிருந்தாலும் உங்களுக்கு 40 மாதம்தான். வரம்பே இல்லாத வாரன்டியும் மார்க்கெட்டில் இருக்கு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எடுத்தால் நீட்டிப்பு வாரன்டியை முதல் நாளே பேசி விலையில் சேர்த்துடுங்க.

இன்சூரன்ஸில் பிரீமியம் குறைக்கிறேன்னு என்ஜின் புரொடெக்டை எடுத்துடாதீங்க. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணி நின்றது. செடான் தாழ்வான வண்டி. தண்ணியில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போனால் சாதாரண பாலிசி பொதுவாகப் பணம் தராது. தண்ணி ஏறினால் சாவியைத் தொடாம, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க. உப்பளக் காத்துக்கு அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் ஜாக்கி போட்டுத் தூக்கி அடியைப் பாருங்க, பெயின்ட் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கலாம்.