கேள்வியும் ஓர் அளவுகோல்

மேசையின் நீளத்தை அளக்க அடிக்கோல் இருக்கிறது. உடல் வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. ஒரு முதியவர் தம் அன்றாட வாழ்வை எவ்வளவு சிரமமின்றி நடத்துகிறார் என்பதை எதைக் கொண்டு அளப்பது? அதற்கும் ஒரு கருவி உண்டு. அது கண்ணாடியாலோ உலோகத்தாலோ ஆனதன்று, கேள்விகளால் ஆனது. அக்கருவியை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்லும்போது அளவு பிசகாமல் காப்பது எப்படி? கிரேக்க மொழி பேசும் முதியோருக்காக நடந்த ஒரு முயற்சியின் வழியே இதைக் காண்போம்.

சதையின் வறுமை

வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறைகின்றன. இக்குறைவு ஓர் எல்லையைத் தாண்டினால் அது நோயாகிறது. இந்நோய்க்கு 'சார்க்கோபீனியா' என்று பெயர். அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1989-இல் இப்பெயரை வழங்கினார். பழைய கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை. 'பெனியா' என்றால் வறுமை.

இதைக் கண்டறியக் கைப்பிடியின் வலிமையை ஒரு கருவியால் அளக்கிறார்கள். ஐரோப்பிய வல்லுநர் குழு 2019-இல் வெளியிட்ட வரையறைப்படி, ஆண்களுக்கு 27 கிலோகிராமுக்கும் பெண்களுக்கு 16 கிலோகிராமுக்கும் கீழே போனால் ஐயம் எழுகிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 5 முறை எழுவதற்கு 15 விநாடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. பிறகு தசையின் அளவையும் பார்த்து உறுதி செய்வார்கள்.

ஆனால் கைப்பிடிக் கருவி காட்டும் எண் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் ஒரு பாட்டி வெளியே போவதையே நிறுத்திவிட்டதை அது சொல்லாது. அதை அவரிடம்தான் கேட்கவேண்டும்.

55 கூறுகள்

இதற்காகப் பெல்ஜியத்தின் லியேழ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். அதன் சுருக்கப் பெயர் 'சார்க்வால்'. அதில் 22 கேள்விகள். அவற்றுள் 55 கூறுகள். மாடிப்படி ஏற முடிகிறதா, கனமான பையைத் தூக்க முடிகிறதா, புட்டியின் மூடியைத் திறக்க முடிகிறதா, விழுவதற்கு அஞ்சுகிறீர்களா என்று அது கேட்கிறது. விடைகளைக் கூட்டிக் கணக்கிட்டால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். எண் உயர உயர வாழ்க்கைத் தரம் மேல். உடற்பயிற்சி தொடங்குமுன் ஒரு முறையும், சில மாதம் கழித்து ஒரு முறையும் கேட்டால், சிகிச்சை பயன் தந்ததா என்பது தெரியும்.

சொல் ஒன்று, உறுப்பு இரண்டு

அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் போதாதா? போதாது. 'கையின் வலிமை குறைந்திருக்கிறதா?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தோள் முதல் மணிக்கட்டு வரை உள்ள பகுதிக்கு ஒரு சொல். மணிக்கட்டுக்குக் கீழே வேறு சொல். கிரேக்கப் பேச்சு வழக்கில் இரண்டும் 'ஹேரி' தான். காலும் பாதமும் 'போதி' தான். நம் தமிழிலும் 'கை', 'கால்' அப்படித்தானே! மூலக் கேள்வி புயத்தைக் குறிக்க, விரல் வலி உள்ள முதியவர் விரலை நினைத்து விடை சொன்னால் என்ன ஆகும்? எண் வரும், ஆனால் அது வேறொன்றை அளந்த எண். அதை நம்பிச் சிகிச்சையை மாற்றினால் பாதிக்கப்படுவது அந்த முதியவரே.

ஆகவே அறிஞர்கள் படிப்படியாகச் செல்கிறார்கள். முதலில் இருவர் தனித்தனியே தம் தாய்மொழிக்குப் பெயர்க்கிறார்கள். ஒருவர் மருத்துவம் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குகிறார்கள். அடுத்து, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதை மீண்டும் மூலமொழிக்கே திருப்புகிறார்கள். புறப்பட்ட 'புயம்' திரும்பி வரும்போது 'உள்ளங்கை' ஆகியிருந்தால் பிழை வெளிப்பட்டுவிடும்! பின்னர் வல்லுநர் குழு திருத்துகிறது. இறுதியாகச் சில முதியோரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்கிறார்கள்.

கருவிக்குத் தேர்வு

இனி அளவுகோலையே சோதிக்கவேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே முதியவரிடம் கேட்டால், அவர் உடல்நிலை மாறாதபோது, ஏறக்குறைய அதே எண் வரவேண்டும். இது நம்பகத்தன்மை. தசை நலிவு உள்ளவர்களுக்கு இல்லாதவர்களைவிடக் குறைந்த எண் வரவேண்டும். முன்பே நிலைபெற்ற வேறு வினாப்பட்டியல்களின் முடிவோடும் பொருந்தவேண்டும். இது ஏற்புடைமை. ஒரே இரும்புத் துண்டை இரண்டு முறை நிறுத்தால் தராசு ஒரே எடையைக் காட்டவேண்டும். அந்த எடை சரியானதாகவும் இருக்கவேண்டும் அல்லவா?

2020-இல் ஆய்விதழில் வெளியான கிரேக்க வடிவம் இச்சோதனைகளில் தேறியது. இப்பட்டியல் இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

'உங்கள் காலில் பலம் குறைந்திருக்கிறதா?' என்று எழுதுங்கள். ஒரு நண்பரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொல்லுங்கள். அந்த ஆங்கில வாக்கியத்தை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துத் தமிழாக்குங்கள். திரும்பி வந்தது காலா, பாதமா, தொடையா? பிறகு வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். எந்த இடத்தை நினைத்து விடை சொன்னார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது அப்போது விளங்கும்.